வான்கோழி இருக்கட்டும்... உருளைக்கிழங்கு மொறுமொறுன்னு வந்துச்சா?

என் காலேஜ் தோழி இப்போ இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். போன டிசம்பரில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வா, சைடு டிஷ் மட்டும் நீ பார்த்துக்கோ"ன்னு கூப்பிட்டிருக்கிறாள். அப்பளம், வத்தல் ரேஞ்சுக்கு நினைச்சு இவளும் தலையாட்டிட்டாள். அன்னிக்கு ராத்திரியே எனக்கு போன். "ஏய், மொத்த சாப்பாடே சைடு டிஷ்தான்டி!"

அவள் சொன்னது தப்பே இல்லை. பிரிட்டன் கிறிஸ்துமஸ் தட்டில் வான்கோழி ரெண்டு மூணு துண்டுதான். மிச்ச இடமெல்லாம் ரோஸ்ட் உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப், ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்ற குட்டி முட்டைகோஸ், ஸ்டஃபிங், பேக்கன் சுற்றின குட்டி சாசேஜ், கிரான்பெர்ரி சாஸ், பிரெட் சாஸ். எல்லாத்துக்கும் மேல கிரேவி.

இதுக்கு ஒரு காரணம் வறுமை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் எழுதின 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் வர்ற ஏழைக் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாத்து. அதையும் பேக்கரி அடுப்பில் கொடுத்துதான் வேக வைக்கிறாங்க. அத்தனை பேருக்கும் அந்தக் கறி பத்தாது. மசித்த உருளைக்கிழங்கும் ஆப்பிள் சாஸும்தான் ஈடுகட்டும். அரைக்கிலோ மட்டனை வெச்சு பத்துப் பேருக்குக் குழம்பு வைக்கிற நம்ம வீட்டுக் கணக்கேதான்.

சரி, சமையலுக்கு வருவோம். மானம் போறதும் நிக்கிறதும் உருளைக்கிழங்கில்தான். சேப்பங்கிழங்கு ரோஸ்ட் செய்யத் தெரியும்னா உங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. முதல்ல வேக வை, அப்புறம் முறுக விடு, அவ்வளவுதான் சூத்திரம். அங்கே மேரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் மாதிரி மாவுப் பதமான ரகங்களைத் தேடி வாங்குவாங்க. தோல் சீவி, பெரிய துண்டாக நறுக்கி, உப்புத் தண்ணியில் கொதி வந்த பிறகு பத்து நிமிஷம். ஓரம் குழைஞ்சு, நடு கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே வடிச்சிடணும். ஆவி போக ரெண்டு நிமிஷம் விட்டு, மூடி போட்டு பாத்திரத்தைக் குலுக்குங்க. ஓரமெல்லாம் சொரசொரன்னு ஆகணும். அந்தச் சொரசொரப்புதான் ஓவனில் காய்ஞ்சு மொறுமொறு ஓடாக மாறுது. இன்னொரு விஷயம், தட்டில் எண்ணெய் ஏற்கெனவே சூடாக இருக்கணும். ஆறின எண்ணெயில் போட்டால் கிழங்கு எண்ணெய் குடிச்சு சொதசொதன்னு ஆயிடும். 200 டிகிரி செல்சியஸில் 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம், நடுவில் ஒருதடவை திருப்பி விட்டால் போதும்.

பார்ஸ்னிப் பார்க்க வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும். குளிர் பட்டால் அதிலிருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அதனால டிசம்பரில் தித்திக்கும். தேன் ஊத்துறதா இருந்தால் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஊத்துங்க, முன்னாடியே ஊத்தினால் கருகிடும். ஸ்ப்ரவுட்ஸைக் கண்டாலே பிரிட்டிஷ் குழந்தைகள் ஓடுவாங்க. ரொம்ப நேரம் வேக வெச்சால் கந்தக நாத்தம் அடிக்கும். ரெண்டாக வெட்டி வெண்ணெயில் சட்டுனு வதக்கினால் அந்தப் பிரச்னை இல்லை. கசப்பும் இப்போ முன்ன மாதிரி கிடையாது. 1990-களில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கசப்புக்குக் காரணமான பொருள்களைக் கண்டுபிடிச்ச பிறகு, கசப்பு குறைஞ்ச ரகங்கள் வந்துடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரெட் சாஸ் கதை. அரை லிட்டர் பால், கிராம்பு குத்தின ஒரு வெங்காயம், மிளகு, நம்ம பிரிஞ்சி இலைக்குத் தூரத்துச் சொந்தமான பே இலை. சூடாக்கி, அடுப்பை அணைச்சு அரை மணி நேரம் ஊற விடணும். வடிகட்டி 100 கிராம் பிரெட் தூள், வெண்ணெய், கொஞ்சம் ஜாதிக்காய் சேர்த்துக் கிளறினால் ரெடி. "பிரியாணி வாசனையில் பால் கஞ்சி"ன்னு தோழி சொன்னாள். இடைக்கால ஐரோப்பாவில் குழம்பைக் கெட்டியாக்க பிரெட்டைத்தான் போடுவாங்க, அதோட மிச்சம் இது.

இங்கேதான் அவளுக்குச் சிக்கல். அவள் சைவம். காய்கறிதானேன்னு நம்பிப் போனால், உருளைக்கிழங்கை வறுப்பது வாத்துக் கொழுப்பில், ஸ்டஃபிங்கில் சாசேஜ் கறி, கிரேவியே வான்கோழிச் சாறு, சில வீடுகளில் ஸ்ப்ரவுட்ஸிலும் பேக்கன். நீங்க சைவம்னா கூச்சப்படாமல் முன்னாடியே சொல்லிடுங்க. சமைக்கிற பொறுப்பு அவளோடது என்பதால் கொழுப்புக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய், கிரேவிக்கு வெங்காயமும் காளானும்னு மாத்திக்கிட்டாள். ஸ்டஃபிங்கை சேஜ் இலை, வெங்காயம், பிரெட் தூள் மட்டும் போட்டுத் தனித் தட்டில் வேக வெச்சாள். அசைவக்காரங்களுக்கும் அதுதான் நல்லது. பறவைக்குள்ள திணிச்சால் உள்ளே சரியாக வேகாமல் போகலாம், தனியாகச் சமைங்கன்னுதான் பிரிட்டனின் உணவுப் பாதுகாப்பு அமைப்பும் சொல்லுது.

கடைசித் தலைவலி, இருப்பது ஒரே ஓவன். தப்பிக்க வழி வான்கோழியே தருது. வெந்ததும் வெளியே எடுத்து ஃபாயில் மூடி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆற விடணும், அப்போதான் சாறு உள்ளேயே நிக்கும். அந்த நேரத்தில் ஓவன் உங்களுக்கு. ரெண்டு மணிக்குச் சாப்பாடுன்னா ஒரு மணிக்கு உருளைக்கிழங்கு, கால் மணி கழிச்சு பார்ஸ்னிப், ஒன்றரைக்கு சாசேஜ். ஸ்ப்ரவுட்ஸ் கடைசிப் பத்து நிமிஷம் அடுப்பில். சாஸ் ரெண்டையும் முதல் நாளே முடிச்சு வெச்சிடுங்க.

பொருளையும் முதல் நாளே எண்ணிப் பாருங்க. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்னிக்குத் திறக்கக் கூடாதுன்னு 2004-லிருந்து சட்டமே இருக்கு. ஜாதிக்காய் மறந்து போய், ஊரிலிருந்து கொண்டு போன கரம் மசாலா டப்பாவைத்தான் தோழி கடைசியில் கிண்டிப் பார்த்திருக்கிறாள். முழு ஜாதிக்காய் ஒண்ணு கிடைச்சுதாம்.

அன்னிக்கு மேஜையில் முதலில் காலியானது உருளைக்கிழங்குத் தட்டு. வான்கோழி 26-ம் தேதி சாண்ட்விச்சுக்குப் போச்சு. இந்த வருஷமும் கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு கிலோ சேர்த்து வாங்கச் சொல்லியிருக்காங்களாம்.