ஆபீஸ் லேப்டாப்பில் பெர்சனல் சாட்... கம்பெனி படிக்கலாமா?

லன்ச் பிரேக்கில் ஆபீஸ் லேப்டாப்பிலேயே வாட்ஸ்அப் வெப் திறந்து வீட்டுக்கு ஒரு மெசேஜ். பலரும் செய்வதுதான். ‘என் அக்கவுன்ட், என் சாட், யாரு பார்க்கப் போறாங்க’ என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்க!

என்னவெல்லாம் தெரியும்?

கண்காணிப்பு சாஃப்ட்வேர் இருந்தால், எந்த வெப்சைட்டில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், கீபோர்டு எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்பதெல்லாம் பதிவாகும். சில சாஃப்ட்வேர்கள் அவ்வப்போது ஸ்க்ரீன்ஷாட்டும் எடுக்கும். வாட்ஸ்அப்பின் என்க்ரிப்ஷன், மெசேஜ் போகிற வழிக்குத்தான் பூட்டு. ஸ்க்ரீனில் திறந்து வைத்த சாட்டை அது மறைக்காது. இன்காக்னிட்டோ மோடும் இதைத் தடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கேதான் ட்விஸ்ட். வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், வர்த்தக ரகசியம் கசிவது போன்ற இழப்புகளைத் தடுக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவரது தரவை நிறுவனம் பயன்படுத்த 7-வது பிரிவு இடம் தருகிறது. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்ற கட்டாயம் சம்மதம் கேட்கும்போதுதான், இதற்கு இல்லை. ஆனால், சேகரித்த தரவைப் பாதுகாப்பது நிறுவனத்தின் பொறுப்பு. கசிந்தால் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

ஐரோப்பாவில் எப்படி?

ருமேனியாவைச் சேர்ந்த பார்புலெஸ்கு, ஆபீஸ் யாஹூ மெசஞ்சரில் சகோதரரிடமும் வருங்கால மனைவியிடமும் பேசியதற்காக 2007-ல் வேலையிழந்தார். பெர்சனல் பயன்பாட்டுக்கு அங்கே தடை இருந்தது உண்மை. ஆனாலும், 2017-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. ‘எந்த அளவுக்குப் பார்ப்போம் என்று முன்பே சொன்னார்களா, மெசேஜையே படிக்கும் அளவுக்குக் காரணம் இருந்ததா’ என்பதை ருமேனிய நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்றது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெர்சனல் சாட், பேங்க் வேலை, மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் சொந்த போனில், சொந்த டேட்டாவில் இருக்கட்டும். வேலையில் சேரும்போது கையெழுத்து போடும் ஐ.டி. பாலிசியை ஒருமுறை முழுசா படிங்க. அதில் தெளிவாக இல்லையென்றால், எச்.ஆரிடம் மெயிலில் 3 கேள்விகள் கேளுங்க: என்ன பதிவாகுது, யார் பார்ப்பாங்க, எத்தனை நாள் வச்சிருப்பாங்க?