ஓலை முதல் அட்டை வரை – 6: ஓட்டக்காரரின் படம்

கூரத்துச் செப்பேட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். கோயில், ஏரி, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கான ஏற்பாடு என எல்லாம் அதில் இருக்கின்றன. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் அந்த ஆணையை ஊருக்குச் சுமந்து வந்தவர் மட்டும் அதில் இல்லை. பின்னாளில் வந்த தபால் ஓட்டக்காரருக்கு அந்தக் கதி நேரவில்லை. அவரைப் படம் பிடித்து அட்டையில் அச்சிட்டார்கள். அந்த அட்டையும் தபாலிலேயே ஊர் ஊராகப் போனது.

தபாலையே படமாகக் கொண்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது இவரைத்தான். தோளில் பை, கையில் மணி கட்டிய ஈட்டி. மணிச்சத்தம் கேட்டதும் வழியில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். காட்டுப் பாதையில் விலங்குகளும் விலகும். பழைய அட்டைகளில் பல, ஓடும்போது எடுத்தவை அல்ல. கேமராவுக்காக நிறுத்தி வைத்து எடுத்தவை. அப்படியிருந்தும் அந்தக் கால்களைப் பார்த்தால் எத்தனை மைல் ஓடியவை என்று எனக்கு நெஞ்சு கனக்கும்.

தபால் அட்டை பிறந்தது 1869 அக்டோபர் 1-ல், ஆஸ்திரியா-ஹங்கேரியில். நம் நாட்டுக்கு 1879 ஜூலை 1-ல் வந்தது. விலை காலணா. அதில் படம் கிடையாது; படம் போட்ட அட்டைகள் பிறகுதான் வந்தன. ஒரு பட அட்டையின் வயதை அறியப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் நடுக்கோடு போட்டு, ஒரு பாதியில் சேதி எழுத பிரிட்டன் அனுமதித்தது 1902-ல்தான். அதற்கு முன் அந்தப் பக்கம் முழுக்க விலாசத்துக்கே. சேதியை முன்பக்கத்தில், படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். நடுக்கோடு இல்லாத அட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

1937-ல் ஆறாம் ஜார்ஜ் தலையோடு வந்த தபால்தலை வரிசையும் இந்தச் சேகரிப்புக்குத் துணை. இரண்டணாவில் ஓட்டக்காரர், இரண்டரை அணாவில் மாட்டுவண்டி, பிறகு குதிரைவண்டி, ஒட்டகம், ரயில், கப்பல், லாரி, விமானம். அட்டையின் படப்பக்கத்தில் அதே பொருளுள்ள தபால்தலையை ஒட்டி, பொருத்தமான ஊரின் முத்திரையை வாங்கினால் அது ‘மேக்சிம் கார்டு’. படம், தலை, முத்திரை மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

புத்தம்புது அட்டைக்குச் சந்தையில் அதிக விலை கிடைக்கலாம். என் மனம் நாடுவது பயணம் செய்த அட்டையைத்தான். முன்னால் ஓட்டக்காரர் படம், பின்னால் அவரைப் போன்ற ஒருவர் சுமந்து வந்ததற்கு முத்திரைச் சான்று. முனை மடங்கியிருந்தால் என்ன?

பாதுகாப்பதில் மட்டும் கறாராக இருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அட்டையை ஊறவைக்கும். இராமபாணப் பூச்சி மிச்சத்தைத் தின்னும். பி.வி.சி. உறை வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். மழை விட்டதும் ஆல்பத்தைப் பிரித்து நிழலில் காற்றாட வையுங்கள். வாங்கிய இடத்தையும் நாளையும் தனித் துண்டுத்தாளில் எழுதி உடன் வையுங்கள். அட்டையின் மேல் பேனா படவே கூடாது.

(தொடரும்)