பொருத்தம் பார்த்து வாங்குவோம்

பழைய கணினியின் வேகத்தைக் கூட்டப் பலர் எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தை வாங்குகின்றனர். ஆனால், எல்லாச் சேமிப்பகங்களும் எல்லாத் தாய்ப்பலகைகளுக்கும் பொருந்துவதில்லை. எனவே, வாங்கும் முன் மூன்று கூறுகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வடிவம். 2.5 அங்குலச் சேமிப்பகம் சாட்டா வடத்தின் வழி தாய்ப்பலகையுடன் இணைக்கப்படுகிறது. எம்.2 வகையோ மெல்லிய அட்டை போன்றது. அதனைத் தாய்ப்பலகையில் உள்ள செருகுவாயில் நேரடியாகப் பொருத்தலாம்.

இரண்டாவது, அளவு. எம்.2 அட்டையில் 2280 என்று குறிக்கப்பட்டிருந்தால், அதன் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்பது பொருள். அந்த நீளத்திற்கேற்பத் திருகு முடுக்கும் இடமும் பலகையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தரவைக் கடத்தும் முறை. பலர் தவறு செய்வது இங்கேதான். எம்.2 அட்டைகளுள் சில சாட்டா முறையிலும் சில அதைவிட வேகமான என்விஎம்இ முறையிலும் இயங்குகின்றன. என்விஎம்இ முறையை மட்டும் ஏற்கும் செருகுவாயில் சாட்டா அட்டையும் கச்சிதமாக அமரும். ஆயினும், கணினி அதனை அடையாளம் காணாது. கொடுத்த பணம் வீணாகிவிடும்.

தாய்ப்பலகையின் மாதிரிப் பெயர் பெரும்பாலும் அதன் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயருக்குரிய கையேட்டைப் படித்தால் இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும். ஆழம் அறிந்து காலை விடுவதே அறிவுடைமை.