விளையாடாமல் இருக்கச் சம்பளமா? டயானா டராசிக்கு ஏன் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது?

"நீங்க வேலைக்கு வர வேண்டாம், வீட்ல நல்லா ஓய்வெடுங்க, காசு நாங்க தர்றோம்"னு ஒரு முதலாளி சொன்னா நம்புவீங்களா?

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசிக்கு 2015ஆம் ஆண்டில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவருடைய ஃபீனிக்ஸ் மெர்குரி அணி அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ கிண்ணத்தை வென்றிருந்தது. ஆனால் அடுத்த பருவம் முழுக்க அவர் ஃபீனிக்ஸுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. காயம் இல்லை, தடையும் இல்லை. அவர் குளிர்காலத்தில் விளையாடிவந்த ரஷ்யக் குழுவான யு.எம்.எம்.சி எகடெரின்பர்க், கோடையில் ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது.

கேட்கக் கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கும். ஆனால் காரணத்தைப் பார்த்தால், மகளிர் கூடைப்பந்தில் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பது புரிந்துவிடும்.

(இந்தக் கட்டுரையில் வரும் தொகைகள் அனைத்தும் அமெரிக்க டாலரில்.)

யார் இந்த டராசி?

1982இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். அம்மா அர்ஜென்டினாவைச் சேர்ந்தவர். டராசியின் சாதனைகளில் சில:

- கனெக்டிகட் பல்கலைக்கழக அணியுடன் 2002, 2003, 2004 என மூன்று முறை தேசியப் பட்டம்
- 2004 டிராஃப்ட்டில் முதல் தேர்வு (கல்லூரி வீராங்கனைகளை லீக் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்)
- ஃபீனிக்ஸுடன் 2007, 2009, 2014இல் லீக் பட்டம்
- 2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக் தங்கம். கூடைப்பந்தில் வேறு யாரும் இத்தனை வென்றதில்லை
- லீக்கில் மொத்தம் 10,646 புள்ளிகள். 10,000ஐத் தொட்ட முதல் வீராங்கனை

20 பருவங்கள், ஒரே அணி. 2025 பிப்ரவரியில், 42 வயதில் ஓய்வு பெற்றார்.

இவ்வளவு சாதித்தவருக்குச் சம்பளம் எவ்வளவு?

இங்கேதான் விஷயம் இருக்கு.

2015இல் டபிள்யூ.என்.பி.ஏவில் ஒரு வீராங்கனைக்குக் கிடைக்கக்கூடிய ஆக அதிகச் சம்பளம் ஏறக்குறைய 107,000 டாலர். அதுதான் உச்சவரம்பு. ஒருவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் அதற்கு மேல் கொடுக்க அணிக்கு அனுமதி இல்லை.

அதே சமயம் ரஷ்யக் குழு அவருக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1.5 மில்லியன் டாலர் கொடுத்ததாக அப்போது ஊடகங்கள் தெரிவித்தன. அதாவது சுமார் 14 மடங்கு!

இப்போ நீங்களே சொல்லுங்க, இதில் எது முதல் வேலை, எது பகுதிநேர வேலை?

ஆண்டுக்கு இரண்டு பருவம்

அமெரிக்க லீக் நடப்பது கோடைக்காலத்தில். ஐரோப்பிய லீக்குகள் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தகாலம் வரை போகும். அதனால் பல வீராங்கனைகள் ஒன்றை முடித்த கையோடு அடுத்ததற்கு விமானம் ஏறிவிடுவார்கள். நடுவில் ஒலிம்பிக் வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

டராசியும் அப்படித்தான். மாஸ்கோ வட்டாரத்தின் ஸ்பார்ட்டாக், துருக்கியின் ஃபெனர்பாச்சே, கலாட்டாசராய், பிறகு எகடெரின்பர்க் எனப் பல ஆண்டுகள் குளிர்காலத்தை ஐரோப்பாவில் கழித்தார். அங்கே ஆறு யூரோலீக் பட்டங்களும் வென்றார்.

ஆனா உடம்பு என்ன இயந்திரமா? 2015 தொடக்கத்தில் அவருக்கு வயது 32. பெருந்தொகை கொடுக்கும் ரஷ்யக் குழுவுக்கு, அவர் களைப்பில்லாமல் வந்து சேர வேண்டும். எனவே அமெரிக்கப் பருவத்தை விட்டுவிடச் சொல்லி, அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. டராசி ஒப்புக்கொண்டார். ஃபீனிக்ஸ் ரசிகர்கள் ஒரு பருவம் முழுக்கத் தங்கள் நட்சத்திரத்தைப் பார்க்க முடியவில்லை. 2016இல் திரும்பிவந்தவர், அதன் பிறகு இன்னும் ஒன்பது பருவங்கள் விளையாடினார்.

ரஷ்யாவில் அவ்வளவு பணம் எப்படி?

டிக்கெட் விற்றுக் கிடைத்த லாபம் இல்லை. பெரும் செல்வந்தர்களும் நிறுவனங்களும் கௌரவத்துக்காகக் குழுக்களை நடத்தினார்கள். எகடெரின்பர்க் குழுவின் பெயரில் இருக்கும் யு.எம்.எம்.சி, சுரங்க, உலோகத் தொழில் செய்யும் நிறுவனம்.

ஒரு ஆளையோ ஒரு நிறுவனத்தையோ நம்பி வரும் பணத்தில் ஆபத்தும் உண்டு. ஸ்பார்ட்டாக் குழுவின் உரிமையாளர் 2009இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். துருக்கியில் 2010இல் டராசியின் ஊக்கமருந்துச் சோதனை முடிவு தவறாக வந்தது. சோதனைக்கூடமே தன் முடிவை மீட்டுக்கொண்ட பிறகுதான் அவர்மீதான குற்றச்சாட்டு நீங்கியது.

ஆக மோசமான அனுபவம் அவருடைய ஃபீனிக்ஸ் சக வீராங்கனை பிரிட்னி கிரைனருக்கு. எகடெரின்பர்க் குழுவுக்காக விளையாட 2022 பிப்ரவரியில் மாஸ்கோ போய் இறங்கியவர், பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகக் கூறிக் கைதுசெய்யப்பட்டார். ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட கைதிகள் பரிமாற்றத்தில் அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையானார். உக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்யக் குழுக்கள் யூரோலீக்கிலிருந்து விலக்கப்பட்டன. அமெரிக்க நட்சத்திரங்களுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது.

அமெரிக்காவில் என்ன மாறியது?

- 2020: புதிய ஒப்பந்தத்தில் உச்சவரம்பு சுமார் 215,000 டாலருக்கு உயர்ந்தது. மகப்பேற்று விடுப்பில் முழுச் சம்பளம் உறுதியானது.
- 2023: அனுபவமுள்ள வீராங்கனைகள் வெளிநாட்டு ஆட்டங்களுக்காகத் தாமதமாக வந்தால் அபராதம் அல்லது இடைநீக்கம் என்ற விதி நடப்புக்கு வந்தது.
- 2024: கெய்ட்லின் கிளார்க் லீக்கில் நுழைந்தார். அரங்குகள் நிரம்பின, தொலைக்காட்சிப் பார்வையாளர்கள் பெருகினர். ஆனால் முதல் ஆண்டில் அவருடைய லீக் சம்பளம் 76,535 டாலர்தான்! விளம்பர ஒப்பந்தங்கள் தனி. அதே ஆண்டு, 2026இலிருந்து 11 ஆண்டுக்குச் சுமார் 2.2 பில்லியன் டாலர் ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தத்தை லீக் அறிவித்தது.
- 2025: பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் தொடங்கிய 'அன்ரைவல்ட்' எனும் மூவர் அணிப் போட்டி மயாமியில் அரங்கேறியது. சராசரிச் சம்பளம் 200,000 டாலருக்கு மேல். குளிர்காலத்தில் சம்பாதிக்கக் கடல் தாண்ட வேண்டிய கட்டாயம் குறைந்தது.

அப்போ ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேக்குறாங்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை.

ஆண்களுக்கான என்.பி.ஏ பல பில்லியன் டாலர் ஈட்டும் லீக். 1946இல் தொடங்கியது. டபிள்யூ.என்.பி.ஏவின் முதல் ஆட்டமோ 1997இல்தான். இரண்டும் ஒரே தொகையைக் கொடுக்க முடியாது என்பது வீராங்கனைகளுக்கும் தெரியும்.

2025இல் அவர்கள் கேட்டது பங்கு. என்.பி.ஏவில் கூடைப்பந்து மூலம் வரும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகும் என்பது ஒப்பந்தம். லீக் வளர்ந்தால் சம்பளமும் தானாக வளரும். மகளிர் லீக்கில் அப்படி ஒரு பங்கு இல்லாமலேயே சம்பளம் நிர்ணயிக்கப்பட்டுவந்தது. ஆகவேதான் 2025 ஜூலையில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன்பு, "எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்" என்ற பொருள்படும் வாசகம் அச்சிட்ட சட்டை அணிந்து வீராங்கனைகள் பயிற்சிக்கு வந்தனர்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் கூடைப்பந்து ஆடுபவராக இருக்கலாம், கைப்பேசியில் சிறப்புக் காட்சிகளை மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். அடுத்த முறை ஒரு வீராங்கனையின் சம்பளம் பற்றிச் செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். உச்சவரம்பு எவ்வளவு? லீக் வருமானத்தில் வீராங்கனைகளின் பங்கு எவ்வளவு? ஆண்டின் மீதி மாதங்களில் அவர் எங்கே விளையாடுகிறார்?

டராசிக்கு 2015இல் அந்த மூன்றாம் கேள்விக்கான பதில்தான் சோறு போட்டது. இப்போது விளையாட வரும் பெண்களுக்கு முதல் இரண்டு கேள்விகளிலேயே நல்ல பதில் கிடைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் போராட்டம்.