சத்தமில்லாமல் கிடக்கும் பிள்ளை

கீரிக் கடற்கரையில் ஓடித் திரிந்த பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல். மன்னார் பெரியாஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்புகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீற்றருக்கு மேல். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நாலைந்து நாள் கிடந்து பிள்ளை கண் திறக்கிறது, ஆனால் தாயைத் தெரியவில்லை. போர்வையைக் கிள்ளிக் கிள்ளி இழுக்கிறது. சுவரில் எதையோ காட்டி அலறுகிறது. "பயந்திட்டான்" என்று அம்மம்மா நூல் கட்ட ஆள் தேடுகிறார். சில விடுதிகளில் 'குழப்படி' என்று கையைக் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள்.

இரண்டும் பிழை. இது டெலிரியம். பழைய ஆட்கள் சன்னி என்பது இதைத்தான். கடும் நோயும் தொற்றும் தூக்கமின்மையும் சேர்ந்து மூளையின் வேலையைத் தற்காலிகமாகக் குலைக்கின்றன. மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் ஆபத்தை இன்னும் கூட்டுகின்றன. பல நாடுகளின் 25 சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு இது இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அலறுகிற பிள்ளையையாவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் திரும்பாமல், எதையும் கேட்காமல், விழித்தபடி சோர்ந்து கிடக்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. அதுவும் டெலிரியமாக இருக்கலாம். "நல்லா அடங்கிக் கிடக்கிறான்" என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. நியூயோர்க்கின் கோர்னெல் வைத்தியர்களின் படிவம் 2014இல் வெளியானது. எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகிக்க வேண்டும். தாதி ஒவ்வொரு வேலைமுறையிலும் இரண்டு மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடலாம். காசில்லை, கருவியில்லை என்ற சாட்டு இங்கே எடுபடாது.

ஆனால் அந்தக் கேள்விகளைப் பாருங்கள். பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா? தேவையைச் சொல்கிறதா? சுற்றுமுற்றும் உணர்கிறதா? தமிழ் மட்டும் தெரிந்த மன்னார்ப் பிள்ளையிடம் சிங்களம் மட்டும் தெரிந்த தாதி இதை எப்படி அளப்பார்? தாயை வெளியே வாங்கில் இருத்திவிட்டு உள்ளே புள்ளி போடுவதில் அர்த்தமே இல்லை. தன் பிள்ளை வழக்கமாக எப்படி என்பது தாய்க்குத்தான் தெரியும்.

ஆகவே, அம்புலன்ஸ் புறப்படுமுன் கொப்பித் தாள் ஒன்றில் எழுத வேண்டும்: வீட்டில் கூப்பிடும் பெயர், தண்ணிக்கும் வலிக்கும் சொல்லும் சொல், தூங்கும் நேரம், எதைக் கொடுத்தால் அடங்கும், கண்ணாடி அல்லது காதுக் கருவி உண்டா. அநுராதபுரம் என்றால் சிங்களத்திலும் எழுதுவித்து, இடமாற்றக் கடிதத்தோடு கொடுத்து, போனில் படமும் எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடியை வீட்டில் விட்டுப் போகக் கூடாது.

அங்கே போனதும் வார்ட் சிஸ்டரிடம் நேராகக் கேட்கலாம்: "மிஸ், டெலிரியம் பார்த்தீங்களா? எத்தனை புள்ளி?" புள்ளியைப் படுக்கைச் சீட்டில் எழுதச் சொல்லலாம். தாய் பக்கத்தில் இருக்கவும், இரவில் வெளிச்சமும் சத்தமும் குறையவும் கேட்கலாம். பதில் இல்லையென்றால் வைத்திய நிபுணரிடம், பிறகு பணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில். தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மயக்க மருந்தைத் திடீரென நிறுத்தும்படி சண்டை பிடிப்பது. அது வேறு ஆபத்தைக் கொண்டுவரும். எப்படிக் குறைப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

வீடு திரும்பும் நாளில் டயக்னோசிஸ் கார்டில் டெலிரியம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மன்னார் கிளினிக்கில் யாருக்கும் தெரிய வராது. பிள்ளை சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் டெலிரியப் பரிசோதனை நடக்கிறதா என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்ததற்கான துண்டை வாங்காமல் வரக் கூடாது.