விளிம்பில் இருக்கிறது பார்வை

வெற்றிலைக்கும் புகையிலைக்கும் சேர்க்கும் சுண்ணாம்பு, நம் நாட்டில் மெல்லிய பிளாஸ்டிக் பொட்டலங்களில் விற்கப்படுகிறது. குழந்தை அதை அமுக்கி விளையாடும்போது பொட்டலம் பிய்ந்து, சுண்ணாம்பு கண்ணில் பீய்ச்சியடிக்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. கண்ணுக்கு அமிலத்தைவிடக் காரம் கொடியது. திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். பட்ட நிமிடமே சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். அரைமணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பொட்டலங்கள் இன்னும் தடையின்றி விற்கப்படுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து, ஓரிரு வாரங்களில் முழுதும் புதிதாகிவிடும். புதுச் செல்களை அனுப்புபவை, கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் உள்ள ஸ்டெம்செல்கள். சுண்ணாம்பு பட்டு அவை வெந்துபோனால், வெண்விழிச் சவ்வு ரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் ஏறிப் படர்ந்து பார்வையை மூடிவிடும். தானமாகக் கிடைத்த கருவிழியை மட்டும் பொருத்தினால் அதுவும் நிலைக்காது. புதிய கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்க அங்கே செல்கள் இல்லையே!

1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிகேலே தெ லூக்கா குழுவினர், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, வெந்த கண்ணில் பொருத்திக் காட்டினார்கள். அதன் வழிவந்த ‘ஹோலோகிளார்’ சிகிச்சைக்கு 2015இல் ஐரோப்பா ஒப்புதல் தந்தது. ஆனால் கிருமியற்ற ஆய்வகம், பயிற்சி பெற்றவர்கள், பெருஞ்செலவு எல்லாம் அதற்கு வேண்டும். சுண்ணாம்பு பட்ட ஏழைக் குழந்தைக்கு அது எட்டுமா?

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் முதலில் ஆய்வகத்தில்தான் வளர்த்தார்கள். பிறகு டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் அந்த ஆய்வகத்தையே விலக்கிவிட்டுச் செய்யும் முறையை 2012இல் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் சதுரத்துக்கு, அரிசிமணியைவிடச் சிறிய துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். வெந்த கண்மேல் படர்ந்த சவ்வை உரித்துவிட்டு, பிரசவத்தின்போது தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வை விரிக்கிறார்கள். எடுத்த துண்டை எட்டுப் பத்தாக நறுக்கி, ஃபைப்ரின் பசையால் அந்தப் பனிக்குடச் சவ்வின்மேல் ஒட்டுகிறார்கள். மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ், அவ்வளவுதான். கண்ணிலேயே செல்கள் பெருகி, சில வாரங்களில் புதுத்தோல் மூடுகிறது. ஒரே அறுவை சிகிச்சை. சாதாரணக் கண் அறுவை அரங்கு போதும். தீப்புண், ரசாயனப் புண்ணால் ஒரு கண் கெட்ட 125 பேரின் முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். அவர்களில் 60 பேர் குழந்தைகள். 76 சதவீதக் கண்களில் கருவிழிப் பரப்பு மீண்டு நிலைத்தது. இந்த நூற்றாண்டின் இந்திய மருத்துவத்தில் நான் மிகவும் மதிக்கும் சாதனைகளில் இது ஒன்று.

இரண்டு கண்ணும் வெந்தவர்களுக்கு இது உதவாது. உறவினரின் கண்ணிலிருந்தோ இறந்தவரின் கண்ணிலிருந்தோ திசு வாங்கி, அதை உடல் நிராகரிக்காதிருக்க நெடுங்காலம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. இதற்கு வேறு வழி தேடி, ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கோஜி நிஷிடா குழுவினர், ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (முதிர்ந்த செல்களை மாற்றியமைத்துப் பெறும் ஸ்டெம்செல்கள்) உருவாக்கிய கருவிழித் தோலை நால்வருக்குப் பொருத்தி, 2024இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளைத் தந்தார்கள். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் கட்டியோ கடுமையான பக்கவிளைவோ வரவில்லை. அடுத்து, இன்னும் அதிகமானவர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.