கயிற்றைப் பிடிக்கும் கை

தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் குளித்த காலத்து வழக்கம் ஒன்றைக் கடற்கரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குகிறவரின் கயிறு, மேலே தோணியில் நிற்கும் ஒருவர் கையில் இருக்கும். முடிந்தவரை அது மைத்துனன் கையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்களாம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் கண் அசர மாட்டான் என்பது கணக்கு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. ஆனால் அந்தக் கணக்கு, தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்திலிருந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு இமயமலைக்கு விடுமுறை நடை கிளம்புகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

கடலடியிலும் மலைமேலும் குறைவது ஒன்றுதான்: மூச்சு. மூச்சு குறைந்தால் புத்தி மங்கும். தனக்கு என்ன ஆகிறது என்பது அந்த ஆளுக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். அதனால் எந்த மலை, எந்த மாதம், எவ்வளவு செலவு என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாயர்புரம் கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத ஊர். பனை, வாழை, தேரிக்காட்டுக் காற்று என்று வளர்ந்த உடம்புக்குக் காற்றின் முழு அழுத்தமும் பழகியிருக்கும். 3,500 மீட்டர் உயரத்தில், அதாவது லே நகரத்து உயரத்தில், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,500 மீட்டரில் பாதிதான். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் அளவுதான் குறைகிறது. உடம்பு இதைச் சமாளிக்கும். மூச்சு வேகமாகும், சிறுநீர் கூடும், நாளாக நாளாகச் சிவப்பணுக்கள் பெருகும். ஆனால் அதற்கு அவகாசம் தர வேண்டும்.

அவகாசம் தராமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று தொடங்கும். 2,500 மீட்டரைத் தாண்டிய யாருக்கும் இது வரலாம். இருபது வயது கபடி வீரருக்கு வந்து, அறுபது வயதுத் தாத்தாவுக்கு வராமலும் போகலாம். உடல் வலுவுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. தலைவலியோடு நின்றால் ஒரு நாள் அங்கேயே தங்கிச் சரியாக்கிக்கொள்ளலாம். நுரையீரலில் நீர் கோத்தாலோ மூளை வீங்கினாலோ உயிருக்கே ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடு நீலம் பாய்வது, சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாடும் நடை ஆகியவை அதன் அடையாளங்கள்.

துணையாக வருபவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தரையில் ஒரு நேர்க்கோட்டை நினைத்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். நேராக நடக்க முடியாமல் சாய்ந்தால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது வாக்குவாதத்துக்கு இடம் தரக்கூடாது. இரவானாலும் மழையானாலும் கீழே இறக்க வேண்டும், தனியாக அனுப்பக்கூடாது. இதற்கு முதல் மருந்து இறங்குவதுதான். மாத்திரைகள் உண்டு, அவற்றை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் “எனக்கு ஒண்ணுமில்லை, வாங்க போவோம்” என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை நம்பாத துணை வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லும் நடைமுறை எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் முழு ஓய்வு. பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுத் தூங்குவதற்குக் கீழே வருவது நல்லது.

கயிறும் துணையும் பற்றிப் பேசும்போது டென்சிங்கையும் ஹிலாரியையும் விட்டுவிட முடியாது. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் கும்பு பனியருவியில் ஹிலாரி ஒரு பனிப்பிளவுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டென்சிங், பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றினார். அதன் பிறகு டென்சிங்கைத்தான் தன் இணையாக ஹிலாரி நினைத்தார். மே 29 அன்று இருவரும் உச்சியில் நின்றார்கள். யார் முதலில் காலை வைத்தது என்று உலகமே குடைந்தபோது, சேர்ந்துதான் போனோம் என்றே இருவரும் சொல்லிவந்தார்கள். சில அடி முன்னால் போனவர் ஹிலாரி என்பதை, இரண்டு ஆண்டு கழித்து வந்த தன் வரலாற்று நூலில் டென்சிங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஊர் மூட்டிவிட்ட சண்டைக்கு இருவருமே இரையாகவில்லை. மலையில் சாதித்ததற்குக் கொஞ்சமும் குறையாத சாதனை இது.

தமிழகத்திலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண், விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி. 2023 மே மாதம் உச்சியை அடைந்தார். தூத்துக்குடிக்குப் பக்கத்து மாவட்டம், அதே வெயில், அதே கரிசல். சமவெளியில் பிறந்த உடம்புக்கும் பொறுமையாகப் பழக்கினால் உயரம் வசப்படும்.

எவரெஸ்ட் இருக்கட்டும். சாயர்புரத்துக்காரர்களுக்குச் சொந்தமான மலை ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகாலில் பிரிந்து, பேய்க்குளம், கோரம்பள்ளம் என்று குளங்களை நிரப்பும் தாமிரபரணித் தண்ணீர் பொதிகையில் பிறக்கிறது. அந்த ஆறு புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. வாழைத்தோட்டத்துக்குப் பாயும் தண்ணீர் எந்தக் காட்டில் கசிந்து வருகிறது என்பதைப் பார்க்கவாவது இந்தப் பகுதி ஆட்கள் ஒருமுறை மேற்கே நடக்க வேண்டும்.

பொதிகையின் உச்சி அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். மூச்சுத்திணறலுக்கு இங்கே வேலையில்லை. சவால்கள் வேறு: அட்டை, மூடுபனி, வழுக்குப் பாறை, யானை. இன்றைக்கு உச்சிக்குப் போக அனுமதி கேரளப் பக்கம்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக, வனத்துறை முன்பதிவோடு மூன்று நாள் நடை. பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த இந்த வழி, கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் திறந்தது. முதலில் ஏறிய பெண் தன்யா சனல்.

இந்த உச்சிக்கு வியப்பான ஒரு பழைய கதை உண்டு. திருவிதாங்கூர் அரசின் வானியலாளரான ஜான் ஆலன் புரூன், 1855இல் இங்கே ஒரு ஆய்வுக்கூடம் எழுப்பினார். திருவனந்தபுரத்தில் அளக்கும் காந்தப்புல, வானிலை அளவுகளை மலை உச்சியிலும் அளந்து ஒப்பிடுவது அவர் திட்டம். பாதையே இல்லாத காட்டில், மழையிலும் பனிக்காற்றிலும் கருவிகளைச் சுமந்தவர்கள் கூலியாட்கள். புரூனின் பெயர் அறிவியல் வரலாற்றில் நிற்கிறது. சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

வழித்துணையாக வந்தவர்களின் பெயர் நிலைத்துவிட்ட ஒரு பயணமும் இதே மலையில்தான் நடந்தது. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டிகள் காணிப் பழங்குடியினர். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துத் தள்ளாட, காணிகள் ஏதோ ஒரு சிறு காயைக் கடித்துக்கொண்டு களைப்பே தெரியாமல் நடந்தார்கள். கேட்டவர்களுக்கும் கொடுத்தார்கள், அவர்களும் தெம்பாக நடந்தார்கள். எந்தச் செடி என்று மட்டும் முதலில் சொல்லவில்லை. அது இனத்துக்குள் காத்துவரும் அறிவு. நம்பிக்கை வந்த பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் ஆராய்ந்து, அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995இல் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் முழுக்க இதைப் பேசினார்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறின.

மலையைத் தெரிந்தவரே மலையில் முதல் துணை. நண்பர் இரண்டாவதுதான்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டம் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. கோடையில் காய்ந்து ஆளுயரம் நின்ற புல்லில் தீ பற்றியது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால்களைவிட வேகமாக ஓடும். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறினார்கள். இருபத்து மூன்று உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே மேலே ஓடியவர்கள் குரங்கணி மக்கள். கிடைத்த துணியில் தூளி கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களும் அவர்களே. புல் காயும் மாதத்தில் அந்தச் சரிவில் கால் வைக்கக்கூடாது என்பது அவர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் தொடங்கியது. பதினான்கு மாவட்டங்களில் 40 வழித்தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று பிரிவுகள், இணையத்தில் முன்பதிவு. இதில் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் பழங்குடி இளைஞர்களும் மலையடிவார ஊர்க்காரர்களும். அவர்களுக்கு இது வருமானம், வருகிறவர்களுக்கு உயிர்க்காப்பு. காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் தடங்களை மூடிவிடுகிறார்கள். விடுமுறை கிடைத்த நாளில் அனுமதி இல்லையே என்று முணுமுணுப்பவர்கள் குரங்கணியை நினைத்துப் பார்க்கட்டும்.

சாயர்புரத்து ஜோடி ஒன்று, அது கணவன் மனைவியோ கல்லூரித் தோழிகளோ அண்ணன் தம்பியோ, எங்கே தொடங்கலாம்? திருநெல்வேலி மாவட்டத்தில் காரையாறு பகுதியில் ஒரு தடம் உண்டு. தாமிரபரணியின் மேல்பகுதி அது. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஒரு தடம். ஒரே நாளில் போய் வந்துவிடலாம். இந்த முதல் நடையில் மலையைவிடத் துணையைக் கவனிப்பதுதான் பயன். மெதுவாக நடப்பவருக்காக மற்றவர் நிற்கிறாரா? நிற்கும்போது முகம் சுளிக்கிறாரா? தண்ணீர் தீர்ந்தால் சொல்கிறாரா, வீம்புக்கு மறைக்கிறாரா? கால் கொப்புளத்தை முதல் கிலோமீட்டரில் காட்டுகிறாரா, பத்தாவதில் காட்டுகிறாரா? நடையில் மெதுவானவர் முன்னால் போக வேண்டும், வேகமானவர் பின்னால் வர வேண்டும் என்பது மலைக்காரர்கள் வழக்கம். வேகம் மெதுவானவர் கையில் இருந்தால்தான் இருவரும் சேர்ந்து போய்ச் சேர்வார்கள்.

இந்தச் சோதனையில் தேறிய ஜோடி இமயத்தை நினைக்கலாம். யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் கசோலிலிருந்து சர் பாஸ் மாதிரியான நடைகளைக் கோடையில் குறைந்த செலவில் நடத்துகின்றன. அந்தக் கணவாய் 4,200 மீட்டரை ஒட்டி இருக்கிறது. முகாம்களை அமைத்தவர்களே நாள்வாரியாக உயரத்தைக் கூட்டிக்கொண்டு போவதால், தனியாகப் போய்த் தவறுசெய்யும் வாய்ப்பு குறைவு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். மே மாதத்துத் தூத்துக்குடி வெயிலில் கம்பளிச் சட்டையை மடித்து வைக்கும்போது சிரிப்பு வரலாம், ஆனாலும் வைக்க வேண்டும். மூன்று மாதம் முன்பே தினமும் நடக்கத் தொடங்க வேண்டும். இங்கே ஏற்றம் கிடையாது என்பதால் மாடிப்படியும் கழுகுமலைப் பாறையும்தான் கைகொடுக்கும். புதுச் செருப்பைப் போலவே புது ஷூவும் கடிக்கும், அதை ஊரிலேயே போட்டுப் பழக்கிவிட வேண்டும். ரத்தக்கொதிப்போ இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவது நல்லது. ஒருவர் “இறங்குவோம்” என்று சொன்னால் மற்றவர் ஏன் என்று கேட்காமல் இறங்க வேண்டும். காரணத்தையெல்லாம் கீழே முகாமில் சாயா குடித்துக்கொண்டே விசாரித்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களிடம் வழித்தடம், முகாம்களின் பெயர், திரும்பும் நாள், வழிகாட்டியின் தொலைபேசி எண் நான்கையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பல கணவாய்களில் செல்போன் எடுக்காது. அதையும் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிட்டால், இரண்டு நாள் போன் வரவில்லை என்று அவர் பதற மாட்டார்.